4, 8, 16... வால்வு ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கரை எந்த முனையில் மாட்டுவது?

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தாத்தா ஒரு காலத்தில் ஊருக்கே மைக் செட் கட்டியவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று எல்லாவற்றுக்கும் அவருடைய ஆம்ப்ளிஃபையர்தான் போகும். அவர் போன பிறகு அது பரணுக்குப் போய்விட்டது. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பேரன் கையில் கிடைக்கிறது. துடைத்தால் இரும்புப் பெட்டி, உள்ளே கண்ணாடி வால்வுகள். பின்பக்கம் வரிசையாகச் சில திருகுகள். அவற்றின் அருகே காமன், 4, 8, 16, 100 வோல்ட் என்று எழுதியிருக்கிறது.

பேரனுக்கு வரும் முதல் ஆசை என்ன? "ஸ்பீக்கர் அப்புறம் மாட்டிக்கலாம். முதல்ல வால்வு எரியுதான்னு பார்ப்போம்."

தாத்தா இருந்திருந்தால் பதறியிருப்பார். இன்றைக்கு நாம் வீட்டில் வைத்திருக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் இதைச் செய்தால் ஒன்றும் ஆகாது. வால்வு ஆம்ப்ளிஃபையரில் செய்யவே கூடாத வேலை இதுதான்.

பழைய ரெக்கார்டுகளும் டர்ன்டேபிளும் மீண்டும் வீடுகளுக்கு வருகின்றன. கூடவே வால்வு ஆம்ப்ளிஃபையர்களும் வருகின்றன. சிலர் புதிதாக வாங்குகிறார்கள், சிலர் பரணிலிருந்து இறக்குகிறார்கள். இரண்டு தரப்புக்கும் முதலில் வரும் சந்தேகம் ஒன்றுதான். அந்த 4, 8, 16-ல் எதில் ஸ்பீக்கரை மாட்டுவது?

அந்த எண்கள் ஏன்?

4, 8, 16 என்பது ஓம் கணக்கு. ஸ்பீக்கர் தன் வழியாகப் போகும் ஆடியோ மின்சாரத்துக்கு எவ்வளவு தடை கொடுக்கிறது என்பதன் அளவு. இதை இம்பீடன்ஸ் என்பார்கள். ஸ்பீக்கரின் தடை சின்னது, 4 ஓமோ 8 ஓமோதான் இருக்கும். ஆனால், வால்வு வேலை செய்யும் விதமே வேறு. அது நூற்றுக்கணக்கான வோல்ட்டில் மிகக் குறைந்த மின்னோட்டத்தை வைத்து வேலை செய்யும். தனக்கு எதிரே சில ஆயிரம் ஓம் தடை இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். உதாரணமாக, பழைய ரேடியோகிராம்களில் நிறைய இருந்த இ.எல்.84 என்ற வால்வை ஒற்றையாகப் பயன்படுத்தினால் அதற்குச் சுமார் 5,000 ஓம் தேவை.

ஆயிரக்கணக்கில் கேட்கும் வால்வையும் எட்டே ஓம் இருக்கும் ஸ்பீக்கரையும் சேர்த்துவைப்பதுதான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தூக்கினால் கை வலிக்குமே, அந்தக் கனத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

கியர் சைக்கிளை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். மேடு ஏறும்போது ஒரு கியர், சமதளத்தில் வேறு கியர். மிதிக்கும் கால் ஒன்றுதான். கியர் சரியாக இருந்தால் காலுக்கும் வலிக்காது, சைக்கிளும் ஓடும். இங்கே கால் என்பது வால்வு. சாலை என்பது ஸ்பீக்கர். 4, 8, 16 என்பவை கியர்கள். மெக்கானிக்குகள் இவற்றை 'டேப்பிங்' என்பார்கள். டிரான்ஸ்ஃபார்மரின் ஒரே கம்பிச் சுற்றில் வெவ்வேறு இடங்களில் வெளியே இழுத்துவிடப்பட்ட முனைகள் இவை.

இதன் கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். வால்வு பக்கம் உள்ள சுற்றுகளுக்கும் ஸ்பீக்கர் பக்கம் உள்ள சுற்றுகளுக்கும் விகிதம் 25-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். தடை, அந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருகும். 25 பெருக்கல் 25, மொத்தம் 625. 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 8 பெருக்கல் 625, அதாவது 5,000 ஓம். வால்வு கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், டிரான்ஸ்ஃபார்மருக்கென்று தனியாக 5,000 ஓம் கிடையாது என்பது. மறுமுனையில் மாட்டும் ஸ்பீக்கரைத்தான் அது பெருக்கிக் காட்டுகிறது. அதே 8 ஓம் முனையில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுக்கு 2,500 ஓம்தான் தெரியும். 16 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 10,000 ஓம் தெரியும். எதையுமே மாட்டாவிட்டால்? எல்லையே இல்லாத தடை ஒன்று எதிரே நிற்பதுபோலத் தெரியும்.

தப்பாக மாட்டினால் என்ன ஆகும்?

சின்னத் தப்புக்கு வால்வு ஆம்ப்ளிஃபையர் பெரிய தண்டனை தராது. இரண்டு மடங்கு வரை ஏறியோ இறங்கியோ இருந்தால், மிதமான சத்தத்தில் பெரும்பாலான செட்டுகள் தாங்கிக்கொள்ளும். ஆனால் இரண்டு பக்கத் தப்பும் ஒரே மாதிரி இல்லை.

8 ஓம் முனையில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுக்குப் பாரம் கூடும். அதிக மின்னோட்டம் ஓடும், வால்வு சூடாகும், அதன் ஆயுள் குறையும். பவரும் குறையும், சத்தமும் கரகரக்கும். வால்வு உழைத்துத் தேயும் நஷ்டம் இது. வால்வை மாற்றிக்கொள்ளலாம்.

8 ஓம் முனையில் 16 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் மின்னோட்டம் குறைந்து வோல்டேஜ் ஏறும். வால்வின் உள்ளே இருக்கும் ஸ்கிரீன் என்ற கம்பி வலைக்கு அழுத்தம் கூடும். இரண்டு மடங்கோடு நின்றால் பரவாயில்லை. இந்தத் திசையில் இன்னும் தள்ளிப் போகப் போக ஆபத்து வளரும்.

அந்தத் திசையின் கடைசிதான் ஸ்பீக்கரே இல்லாத நிலை. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்குள் சேரும் காந்த ஆற்றல் ஸ்பீக்கர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வழி அடைபட்டால் அது வந்த பக்கமே திரும்பும். வால்வு பக்கத்தில் வோல்டேஜ் ஆயிரத்தையும் தாண்டி எகிறலாம். டிரான்ஸ்ஃபார்மர் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய காகித இன்சுலேஷன் அதைத் தாங்காமல் பொத்துக்கொள்ளும். சில சமயம் வால்வு சாக்கெட்டிலேயே தீப்பொறி பறக்கும்.

பாட்டு எதுவும் ஓடாமல் சும்மா எரிந்தால் உடனே கெட்டுவிடாது என்பது உண்மைதான். ஆனால், யாராவது வால்யூமைத் திருப்பினால் போதும். மைக் வயரைப் பிடுங்கும்போது வரும் 'டப்' சத்தம்கூடப் போதும். அந்த ஒரு நொடியை நம்பிப் பணயம் வைக்கக் கூடாது.

ஏனென்றால் போவது டிரான்ஸ்ஃபார்மர். பழைய செட்டுக்கு அதே டிரான்ஸ்ஃபார்மர் கடையில் கிடைக்காது. பிரித்து, சுற்றுகளை எண்ணி, திரும்பச் சுற்றத் தெரிந்தவரைத் தேட வேண்டும். அந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

டிரான்சிஸ்டர் பழக்கம் இங்கே செல்லாது

குழப்பம் தொடங்குவதே இங்கேதான். நம் வீட்டு ஹோம் தியேட்டரிலும் சாதாரண ஸ்டீரியோவிலும் இருப்பது டிரான்சிஸ்டரோ ஐ.சி-யோதான். அவற்றுக்குப் பெரும்பாலும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட விட்டாலும் அவை அலட்டிக்கொள்ளாது. ஆனால் ஸ்பீக்கர் வயர் இரண்டும் ஒன்றோடொன்று பட்டு ஷார்ட் ஆனால் புகை வந்துவிடும்.

வால்வு செட்டுக்கு இது அப்படியே தலைகீழ். வயர் ஷார்ட் ஆனால் சத்தம் நின்றுபோகும், வால்வு சூடாகும். அதைக் கவனித்துச் சீக்கிரம் அணைத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வயர் கழன்று தொங்கினால்தான் பிழைப்பது கஷ்டம்.

இதற்கு ஒரு நல்ல சாட்சி அமெரிக்காவின் ஃபெண்டர் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்கள். பல ஃபெண்டர் வால்வு செட்டுகளில் ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கினால், அந்த ஜாக் தானாகவே அவுட்புட்டை ஷார்ட் செய்துகொள்ளும். 'திறந்து கிடப்பதைவிட ஷார்ட் ஆகிக் கிடப்பது மேல்' என்று அதை வடிவமைத்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

அதே ஃபெண்டரின் பாஸ்மேன் மாடலில் 1950-களின் கடைசியில் நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பேரலலாக இணைத்திருந்தார்கள். மொத்தம் 2 ஓம். அதனால் டிரான்ஸ்ஃபார்மரும் 2 ஓமுக்கே செய்யப்பட்டிருந்தது. அந்தச் சர்க்யூட்டைப் பின்பற்றி 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மார்ஷல் தன் ஜே.டி.எம்.45 செட்டை உருவாக்கியது. அது நான்கு ஸ்பீக்கர் அடங்கிய 16 ஓம் பெட்டியோடு ஓடியது. சர்க்யூட் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்பீக்கர் மாறியது, அதற்கேற்ற முனையும் மாறியது.

ஸ்பீக்கர் எத்தனை ஓம்? கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் ஸ்பீக்கரின் பின்புறம் பார்க்க வேண்டும். காந்தத்தின் மீதோ பெட்டியின் லேபிளிலோ எழுதியிருக்கும். பழைய இங்கிலாந்து ஸ்பீக்கர்களில் 15 ஓம் என்றுகூட இருக்கும். பி.பி.சி வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ ஸ்பீக்கரும் ஆரம்பத்தில் 15 ஓம்தான். அதைக் குழப்பமில்லாமல் 16-ல் மாட்டலாம். 6 ஓம் என்று இருந்தால் 4, 8 இரண்டுமே பக்கம்தான். இரண்டிலும் கேட்டுப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

எழுத்து அழிந்திருந்தால் மல்டிமீட்டர் போதும். ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து முழுவதுமாகக் கழற்றிவிட்டு ஓம் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டர் காட்டுவது எழுதப்பட்ட அளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். 3 முதல் 3.5 வரை காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர். 5.5 முதல் 7 வரை என்றால் 8 ஓம். 11 முதல் 13 வரை என்றால் 16 ஓம். மீட்டர் 6 காட்டுகிறதே என்று 4-ல் கொண்டுபோய் மாட்டுபவர்கள் உண்டு. அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். லேபிள் இல்லாமல் மீட்டர் 6 காட்டினால் அது பெரும்பாலும் 8 ஓம் ஸ்பீக்கர்தான்.

எந்த ஸ்பீக்கரும் எல்லா சுருதிக்கும் ஒரே தடையைக் காட்டுவதில்லை. 8 ஓம் என்று எழுதியிருப்பது கீழ்ச்சுருதியில் ஓர் இடத்தில் 30 ஓமைக்கூடத் தாண்டும். எழுதியிருப்பது ஒரு பொது அளவு. அதனால்தான் இந்தப் பொருத்தத்தில் 7-க்கும் 8-க்கும் வித்தியாசம் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர் இருந்தால்?

இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒன்றன்பின் ஒன்றாக, அதாவது சீரிஸில் இணைத்தால் 16 ஓம்.

அதே இரண்டையும் பேரலலாக இணைத்தால் 4 ஓம்.

இரண்டு 16 ஓம் பேரலலில் 8 ஓம், நான்கு 16 ஓம் பேரலலில் 4 ஓம்.

நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாக சீரிஸில் கட்டி, அந்த இரண்டு ஜோடிகளையும் பேரலல் செய்தால் மறுபடி 8 ஓம்.

மொத்தக் கணக்கு என்ன வருகிறதோ, அந்த ஒரு முனையில் மட்டும் மாட்ட வேண்டும். ஒரு வயர் காமனுக்கு, இன்னொரு வயர் அந்த எண்ணுக்கு. '4 ஓம் ஸ்பீக்கர் 4-ல், 8 ஓம் ஸ்பீக்கர் 8-ல், இரண்டும் சரிதானே' என்று ஒரே நேரத்தில் இரண்டு முனைகளிலும் மாட்டினால் வால்வுக்குப் பாரம் இரண்டு மடங்காகிவிடும். ஸ்டீரியோ செட்டில் இடது பக்க முனையையும் வலது பக்க முனையையும் ஒன்றாகச் சேர்க்கவும் கூடாது.

இன்னொரு சந்தேகம் அடிக்கடி வருவது. '4-ல் மாட்டினால் பவர் அதிகமாமே?' டிரான்சிஸ்டர் செட்டில் அது ஓரளவு உண்மை. வால்வு செட்டில் இல்லை. 50 வாட் செட் என்றால் சரியான ஸ்பீக்கரோடு மூன்று முனைகளிலும் 50 வாட்தான். 8 ஓமில் அது 20 வோல்ட், 2.5 ஆம்பியர். மற்ற முனைகளில் வோல்ட்டும் ஆம்பியரும் மாறுமே தவிர, வாட் மாறாது.

அந்த 100 வோல்ட் முனை எதற்கு?

தாத்தாவின் செட்டில் இருந்ததே, அது மைக் செட்டுக்கே உரிய முனை. கோயிலில் ஆம்ப்ளிஃபையர், தெருக்கோடியில் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர். நடுவே 100 மீட்டர் வயர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்றால், போக வர 200 மீட்டருக்கு வயரே சுமார் 3.4 ஓம் தடை கொடுக்கும். 8 ஓம் ஸ்பீக்கரை நேராக இணைத்தால் பவரில் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் வயரைச் சூடாக்குவதிலேயே போய்விடும்.

இதைத் தவிர்க்கத்தான் 100 வோல்ட் லைன். வோல்டேஜை உயர்த்தி மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்புவார்கள். 50 வாட்டுக்கு அரை ஆம்பியர் போதும். ஒவ்வொரு குழாயின் அருகிலும் ஒரு சின்ன லைன் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் திரும்ப இறக்கிக்கொடுக்கும். இங்கே ஓம் கணக்கே பார்க்க வேண்டாம். வாட்டைக் கூட்டினால் போதும். 50 வாட் செட்டில் 10 வாட் குழாய் நான்கு என்றால் 40 வாட். தாராளமாக ஓடும்.

ஆனால் இரண்டு முறைகளையும் கலக்கவே கூடாது. லைன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 16 ஓம் யூனிட்டை 100 வோல்ட் முனையில் நேராக மாட்டினால், அது 625 வாட் கேட்பதாக அர்த்தம். 50 வாட் செட் திணறும், வால்வின் தகடு சிவக்கும். மறுபக்கத் தப்பு இன்னும் மோசம். லைன் டிரான்ஸ்ஃபார்மரோடு இருக்கும் 10 வாட் குழாயின் தடை 1,000 ஓம். அதை 16 ஓம் முனையில் மாட்டினால் சத்தம் முனகலாகத்தான் வரும். 'சத்தம் பத்தலையே' என்று வால்யூமை முழுக்க ஏற்றுவார்கள். ஸ்பீக்கரே இல்லாமல் முழு வால்யூமில் ஓட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

முனைகளில் எழுத்தே இல்லையா?

ஓடுகிற செட்டாக இருந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஏதாவது ஒரு முனையில் ஸ்பீக்கரை மாட்டி, குறைந்த சத்தத்தில் ஒரே சீரான 200 ஹெர்ட்ஸ் ஒலியை போனிலிருந்து ஓட விட வேண்டும். காமன் முனையிலிருந்து மற்ற ஒவ்வொரு முனைக்கும் ஏ.சி வோல்டேஜ் பார்க்க வேண்டும். 4, 8, 16 முனைகளில் அது 1, 1.4, 2 என்ற விகிதத்தில் வரும். 4 ஓம் முனை, 16 ஓம் சுற்றின் சரிபாதியில் இருப்பதால்தான் இந்தக் கணக்கு. இந்தச் சோதனையெல்லாம் பெட்டிக்கு வெளியே இருக்கும் முனைகளில் மட்டும்தான்.

பெட்டியைத் திறப்பது வேறு விஷயம். உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை டி.சி மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ஆளைக் கொல்லக்கூடிய வோல்டேஜ் அது. அதைத் திறப்பது வேலை தெரிந்தவர்கள் பொறுப்பு.

பல வருடம் பரணில் கிடந்த செட்டை நேராகப் பிளக்கில் சொருகுவதும் தப்பு. பழைய கப்பாசிட்டர்கள் கசிந்திருக்கும். வால்வு செட் தெரிந்த மெக்கானிக் முதலில் அவற்றைச் சோதிப்பார். பிறகு சீரிஸ் பல்ப் போட்டு மெதுவாக உயிர் கொடுப்பார். அப்போதும் முனையில் ஒரு ஸ்பீக்கரோ, 8 ஓம் வயர்வுண்ட் ரெசிஸ்டரோ மாட்டியே வைத்திருப்பார். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அந்த ரெசிஸ்டர் சுலபமாகக் கிடைக்கும். செட்டின் வாட்டைவிட அதிக வாட் தாங்குவதாக வாங்கினால் போதும்.

மாட்டும்போது ஒரு வரிசை

முதலில் ஸ்பீக்கர் வயர். அதை இழுத்துப் பார்த்து இறுக்கமாக இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகுதான் சுவிட்ச். வேறு முனைக்கு மாற்றிக் கேட்க ஆசைப்பட்டால், செட்டை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துதான் மாற்ற வேண்டும். ஓடும்போது மாற்றினால், வயர் அந்தரத்தில் இருக்கும் அந்த ஒரு நொடி 'ஸ்பீக்கர் இல்லாத' நொடி.

மாட்டியிருப்பது சரிதானா என்ற சந்தேகம் தீரவில்லை என்றால், ஸ்பீக்கரின் ஓமைவிட ஒரு படி மேலே இருக்கும் முனையை எடுப்பது பொதுவாகப் பாதுகாப்பு. 8 ஓம் ஸ்பீக்கரா, 4-ல் மாட்டுவதைவிட 16-ல் மாட்டுவது டிரான்ஸ்ஃபார்மருக்கு நல்லது. வால்வு கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். தேயும் வால்வைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

பேரனின் வீட்டுக்குத் திரும்புவோம். அவன் சுவிட்சில் வைத்த கையை எடுத்துவிடுகிறான். பரணில் இன்னொரு முறை ஏறித் தேடுகிறான். மூலையில் தூசி படிந்த குழாய் யூனிட் ஒன்று கிடைக்கிறது. துடைத்தால் 16 ஓம் என்று எழுத்து தெரிகிறது. வயரைக் காமனிலும் 16-லும் முறுக்கி, செட்டையும் யூனிட்டையும் சேர்த்தே மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போகிறான்.

வீட்டில் மறுபடி பாட்டுக் கேட்க இரண்டு வாரம் ஆகலாம். தாத்தாவின் டிரான்ஸ்ஃபார்மர் அதுவரை பத்திரமாக இருக்கும்.